விளாம்பழத்தில் ஒரு மிக்கி

சித்திர மாஸ்டர் பதில்கள்

கேள்வி: மாஸ்டர், தரம் 6 இல் படிக்கும் என் மகன் கைத்தொலைபேசியில் படிப்படியாகக் காட்டும் படங்களைப் பார்த்து மிக்கி மவுஸ் வரைகிறான். நேரே பார்க்கும் முகம் அச்சொட்டாக வருகிறது. பக்கவாட்டில் திருப்பினால் யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கிறது. அழித்து அழித்துக் கொப்பியே ஓட்டையாகிவிட்டது. — ஒரு தாய், விசுவமடு

பதில்: பாதிப் பிழை அந்தப் படங்களுடையது, தங்கச்சி. முதற்படியில் ஒரு வட்டம். இரண்டாம் படியில் வட்டத்துக்குள் சிலுவை போல் இரண்டு கோடுகள். மூன்றாம் படியில் கண், மூக்கு, சிரிப்பு எல்லாம் திடீரென்று முளைத்துவிடும். அந்தச் சிலுவை எதற்கு என்று ஒருவரும் சொல்வதில்லை.

வளவில் விளாத்தி நின்றால் நல்ல உருண்டைப் பழம் ஒன்றை மகனிடம் கொடுங்கள். அதன் வெளிறிய ஓட்டில் கரி நன்றாகப் பிடிக்கும். காம்படியிலிருந்து கீழே ஒரு கோடு, நடுவால் சுற்றிவர இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் மூக்கு. இனிப் பழத்தை மெல்ல இடப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். நேராக நின்ற கோடு வில்லாக வளையும். மூக்கு விளிம்பை நோக்கிப் போகும். தூரத்துக் கண் ஒடுங்கும். பழத்தைக் குனிய வைத்தால் குறுக்குக் கோடு ஊஞ்சல் கயிறு போலத் தொங்கும். உங்கள் மகன் தலையை ரொட்டி போலத் தட்டையாக நினைத்துக்கொண்டு, கோட்டை வளைக்காமல் கண்ணை மட்டும் நகர்த்துகிறான். அறை விழுந்த முகம் அப்படித்தான் வரும்.

காதுகளுக்கு மட்டும் இந்தச் சட்டம் செல்லாது. மிக்கி எந்தப் பக்கம் திரும்பினாலும் இரண்டு காதுகளும் முழு வட்டமாகவே தெரியும். எந்த எலிக்கும் அப்படி இராது. 1928 இல் திரைக்கு வந்த மிக்கியை வரைந்த அப் ஐவர்க்ஸும் வால்ட் டிஸ்னியின் மற்றக் கலைஞர்களும் செய்த களவு அது, நல்ல களவு. காதுக்குப் போத்தல் மூடியை வைத்துச் சுற்றினாலும் நான் கோபிக்கமாட்டேன். தலைக்கு வைத்தால் கோபிப்பேன்.

கொப்பி ஓட்டையானதற்கு மருந்து: 1996 இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரத்தில் மரத்தடியில் வகுப்பு நடத்தியபோது, என் வகுப்புக்கு இருந்தது ஒரே ஓர் அழிறப்பர். அதையும் பிளேட்டால் நான்காக வெட்டியிருந்தேன். அதனால் பிள்ளைகள் பென்சிலின் பின்பக்கத்தைப் பிடித்து, தாளில் பட்டும் படாமலும் வரையப் பழகினார்கள். பிழைத்த கோட்டை அப்படியே விட்டுப் பக்கத்தில் சரியானதைப் போடுவார்கள். கடைசியில் சரியானதை மட்டும் அழுத்துவார்கள். மகனின் அழிறப்பரை ஒரு கிழமைக்கு ஒளித்து வையுங்கள்.

கேள்வி: மிக்கிக்கு ஏன் நான்கு விரல்கள்? நான் அப்பாவின் லான்ட்மாஸ்டரை, அதுதான் இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை, கார்ட்டூனாக வரைகிறேன். அதற்கு ஒற்றை விளக்குத்தான். கை வைக்கலாமா? — மாணவி, மாங்குளம்

பதில்: திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடுகின்றன. விரலொன்று குறைந்தால் எவ்வளவு கோடு மிச்சம் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். அந்தச் சின்னக் கையில் ஐந்து விரல் இருந்தால் வாழைச்சீப்புப் போலவும் இருக்கும். கறுப்பு உடம்புக்கு முன்னால் கறுப்புக் கை தெரியாமல் போனதால் 1929 இல் வெள்ளைக் கையுறையும் வந்து சேர்ந்தது.

உங்கள் லான்ட்மாஸ்டருக்குப் புதிதாகக் கை எதற்கு, பிள்ளை? பின்னால் நீண்டிருக்கும் இரண்டு பிடிகளும் இருக்கின்றனவே! ஒற்றை விளக்கை ஒற்றைக் கண்ணாக்குங்கள். மேலே ஒரு புருவம் போதும். கோபமா நித்திரையா என்பதை அது சொல்லிவிடும். வயலில் இறக்கும்போது பூட்டும் இரும்புச் சில்லுகளை உள்ளதைவிடப் பெரிதாக, சேறு வழிய வரையுங்கள். முதலில் அப்பாவிடம் காட்டுங்கள். அவர் சிரிக்காவிட்டால் புருவத்தை மாற்றிப் பாருங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், மடிக்காமல்.