ஊருக்குப் போயிருக்கும்போது கரண்ட் போனால் தொட்டி மீன் என்ன ஆகும்?

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: மூன்றடித் தொட்டியில் 14 கோல்டு ஃபிஷ் வளர்க்கிறார்கள். கோயில் கொடைக்காக 5 நாள் திருநெல்வேலி போக வேண்டும். அவர்கள் பகுதியில் கரண்ட் அடிக்கடி போகும். போன தடவை திரும்பி வந்தபோது நான்கு மீன் செத்து மிதந்திருக்கிறது. பேட்டரி மோட்டார், ஆக்சிஜன் மாத்திரை, ஐந்து நாள் கரையும் உணவுக் கட்டி மூன்றையும் சேர்த்து ஒரு செட்டாகத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறாராம். வாங்கலாமா? பக்கத்து வீட்டு ஃபைட்டர் மீன் மோட்டாரே இல்லாமல் கண்ணாடி ஜாடியில் நன்றாக இருக்கிறதே, அது எப்படி?

செட்டாக வாங்காதீர்கள் அம்மா. மோட்டாரை மட்டும் வாங்குங்கள், அதுவும் நான் சொல்கிற மாதிரி பார்த்து.

ஏர் மோட்டார் தண்ணீருக்குள் ஆக்சிஜனை ஊதி ஏற்றுவதாக நினைக்கிறோம். அந்தக் குமிழிகள் செய்யும் முக்கிய வேலை தண்ணீரைப் புரட்டிவிடுவது. அடியில் இருக்கும் தண்ணீர் மேலே வந்து காற்றைத் தொட்டு ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு போகிறது. மோட்டார் நின்றால் இந்தப் புரட்டல் நிற்கும். தண்ணீர் 20 டிகிரியில் இருந்தால் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். நம் ஊர்க் கோடையில் தொட்டி 30 டிகிரிக்குப் போனால் ஏழரைதான். சூடு ஏறினால் மீனுக்கு மூச்சுத் தேவையும் ஏறும். வரவு குறையும்போது செலவு கூடுகிறது, அவ்வளவுதான்.

உங்கள் தொட்டி ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரம் என்று எழுதியிருக்கிறீர்கள். கல், மணல் போக 100 லிட்டர்கூட நிற்காது. அதில் 14 கோல்டு ஃபிஷ்ஷை விற்றவர் மீது எனக்குக் கோபம்தான் வருகிறது. "சின்னதுதானே, போடுங்க" என்று சொல்லி விற்கிறார்கள். அது வளரும் என்று சொல்வதில்லை. கிளம்புமுன் பாதி மீனையாவது தெரிந்தவர் தொட்டிக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் அகலமான பிளாஸ்டிக் டப்பில் தொட்டித் தண்ணீரையே பாதி, குளோரின் போன புதுத் தண்ணீர் பாதி ஊற்றி, நிழலில் வைத்துக் கொசுவலையால் மூடுங்கள். காற்றைத் தொடும் பரப்பு அகலமாக இருக்க இருக்க மீனுக்கு நல்லது. தொட்டிக்கும் கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலையே போடலாம்.

அடுத்தது சாப்பாடு. கிளம்புவதற்கு முதல் நாளே நிறுத்திவிடுங்கள். வளர்ந்த, நோயில்லாத கோல்டு ஃபிஷ் ஒரு வாரம் பட்டினி தாங்கும். உணவுக் கட்டி கரைந்து, தின்னாத மிச்சம் அழுகும். அதை அழுகவைக்கும் கிருமிகளும் அதே ஆக்சிஜனைத்தான் எடுக்கும். மாத்திரை போட்டால் கொஞ்ச நேரம் ஆக்சிஜன் வரும், பிறகு தீர்ந்துவிடும். கரண்ட் போகிற நேரம் பார்த்துப் போட நீங்கள் அங்கே இருக்கப்போவதில்லை.

இன்னொரு பொறி, கிளம்புகிற அன்று தொட்டி கழுவுகிறவரை வரவழைப்பது. அவர் தண்ணீர் முழுவதையும் இறைத்துவிட்டு, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து வெள்ளையாக்கித் தருவார். பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஆனால் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சமாளிக்கும் நல்ல பாக்டீரியா அந்த ஸ்பாஞ்சில்தான் இருந்தது. நான்கு நாள் முன்பே கால்வாசித் தண்ணீர் மாற்றி, ஸ்பாஞ்சை அந்த இறைத்த தண்ணீரிலேயே அலசிக்கொள்ளுங்கள்.

இப்போது மோட்டார். பிளக்கில் எப்போதும் செருகியிருந்து, கரண்ட் போனதும் தானாக ஓடத் தொடங்கும் வகை வேண்டும். பவர் பேங்கில் சின்ன மோட்டாரை மாட்டி வைப்பவர்கள் உண்டு. இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவென்றால் பல பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும். அட்டையில் அச்சிட்ட மணிக்கணக்கை நம்பாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பிளக்கைப் பிடுங்கிவிட்டு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று உட்கார்ந்து பாருங்கள். அது நின்ற பிறகு மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூட ஆரம்பிக்கும் வரை எவ்வளவு நேரம் என்றும் பாருங்கள். ஆரம்பித்ததும் பிளக்கைப் போட்டுவிடுங்கள். எந்தக் கடைக்காரரும் தர முடியாத கணக்கு அது.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் இன்னும் நல்லது. ஏர் மோட்டார் ஐந்து வாட் அளவில்தான் இழுக்கும். ஆனால் தொட்டி இருக்கும் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் லைட், ஃபேன் மட்டும்தான் அதில் இருக்கும். அப்புறம், பூட்டும்போது பழக்கதோஷத்தில் மெயினை அணைத்துவிடாதீர்கள். அணைத்தால் பேட்டரி சார்ஜ் ஏறாது, இருப்பது தீர்ந்ததும் எல்லாம் நின்றுவிடும். மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே இருந்தால் கரண்ட் போனதும் குழாய் வழியாகத் தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கும்.

ஃபைட்டரைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கும் கௌராமி என்கிற மீனுக்கும் செவுள் தவிர, தலைக்குள் காற்றிலிருந்தே ஆக்சிஜன் எடுக்கும் தனி உறுப்பு உண்டு. மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு நிதானமாகக் கீழே போகும். அதனால் மோட்டார் இல்லாவிட்டாலும் சாகாது. ஆனால் ஜாடியை விளிம்பு வரை நிரப்பி இறுக மூடினால் அதுவும் சாகும். கோல்டு ஃபிஷ் மேலே வந்து வாயைத் திறந்து மூடுவதும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். "பாரு, இதுவும் காற்று குடிக்குது" என்று விட்டுவிடுகிறார்கள். அது காற்று குடிப்பதல்ல, மேல்மட்டத் தண்ணீரில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனுக்காகத் திணறுவது. ஃபைட்டரை வைத்துக் கோல்டு ஃபிஷ்ஷைக் கணக்குப் போடவே கூடாது.

பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மதியம் வரை மின்தடை என்று பேப்பரில் போடுகிறார்கள், அதையாவது முன்கூட்டித் தெரிந்துகொள்ளலாம். சொல்லாமல் இரவில் நாலு மணி நேரம் போவதற்கு யார் பதில் சொல்கிறார்கள்? மிக்ஜாம் புயலில், 2023 டிசம்பரில், சென்னையின் சில பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்துக்கு எந்த பேட்டரியும் போதாது, ஆள்தான் வேண்டும். பக்கத்து வீட்டில் சாவி கொடுங்கள். ஒரு மக்கை வைத்துத் தொட்டித் தண்ணீரை மொண்டு, ஓரடி உயரத்திலிருந்து அதே தொட்டியில் ஊற்றச் சொல்லுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை, ஐந்து நிமிடம்.

ஒருமுறை நான் இப்படிச் சாவி கொடுத்துப் போனேன். பாசக்கார அம்மா, வரும்போதெல்லாம் கைநிறைய உணவு போட்டிருக்கிறார். திரும்பி வந்தபோது தொட்டி கஞ்சித்தண்ணீர் மாதிரி இருந்தது. சாவியைக் கொடுங்கள், சாப்பாட்டு டப்பாவை மட்டும் உங்கள் பையில் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.