ராஜினாமாக் கடிதம் மார்ச் வரை பையிலேயே இருக்கட்டும்

கேள்வி: அந்தேரியில் ஓர் ஏசி சர்வீஸ் நிறுவனத்தில் சூப்பர்வைசராக இருக்கிறேன். வரும் மார்ச் நடுவில் ஐந்து ஆண்டுகள் முடியும். கைக்கு 46,000 ரூபாய் வருகிறது. அடிப்படைச் சம்பளம் 26,000. சயான் கோலிவாடாவில் வாடகை வீடு, மனைவி, இரண்டு பிள்ளைகள். மாதச் செலவு 38,000. சேமிப்பு 3 லட்சம். கருவிகளுக்கு 90,000 ஆகும். நான் பார்த்துவரும் இரண்டு வணிக வளாகங்களின் செயலாளர்கள், தனியாக வந்தால் வேலையை எனக்கே தருவதாகச் சொல்கிறார்கள். கம்பெனிப் பதிவு, ஜிஎஸ்டி, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு எல்லாவற்றையும் 35,000 ரூபாய்க்கு முடித்துத் தருவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார். தீபாவளி முடிந்ததும் வேலையை விடலாமா?

பதில்: விட வேண்டாம். உங்கள் தொழில் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால், சொந்தத் தொழிலுக்குத் தயாரா என்று கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது, எத்தனை பேர் வேலை தருவதாகச் சொன்னார்கள் என்பதையன்று. வேலை முடிந்து எத்தனையாவது நாளில் பணம் வரும் என்பதைத்தான். உங்கள் கடிதத்தில் வாக்குறுதி இருக்கிறது, தேதி இல்லை.

அந்த இரண்டு வளாகங்களுக்கும் உங்கள் நிறுவனத்தோடு உள்ள ஏஎம்சி, அதாவது ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், எந்தத் தேதியில் முடிகிறது? மார்ச் 31 என்றால், நீங்கள் நவம்பரில் வெளியே வந்தாலும் ஏப்ரல் வரை அவர்களால் உங்களுக்கு எதையும் தர இயலாது. மேலும், செயலாளர் ஒருவரின் சொல், வளாகத்தை நடத்தும் சொசைட்டியின் முடிவாகாது. கமிட்டி கூட வேண்டும், கொட்டேஷன்கள் வர வேண்டும், யாரோ ஒருவர் தம் மைத்துனருக்கும் ஓர் ஏசி கம்பெனி இருப்பதாகச் சொல்லாமல் இருக்க வேண்டும். வேலையை விட்ட பிறகு அதே தொழிலைச் செய்யக் கூடாது என்று உங்கள் நியமனக் கடிதத்தில் எழுதியிருந்தால் அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு அத்தகைய தடையைச் செல்லாததாக்குகிறது. ஆனால் சம்பளம் வாங்கிக்கொண்டே அந்த வாடிக்கையாளர்களிடம் தனியாகப் பில் போடுவது வேறு விஷயம், அதைச் செய்யாதீர்கள்.

இனிப் பணக் கணக்கு. கருவிகள் போக மிஞ்சும் 2,10,000 ரூபாய் வீட்டுச் செலவுக்கு ஐந்தரை மாதம் வரும். நவம்பரில் தொடங்கினால் அது ஏப்ரல் நடுவில் தீர்ந்துவிடும். அதாவது, மும்பையில் ஏசி வேலை சூடு பிடிக்கும் நேரத்தில், காப்பர் குழாயும் கேஸும் ரொக்கத்துக்கு வாங்க வேண்டிய நேரத்தில், உங்கள் கை காலியாக இருக்கும். உதவியாளுக்குச் சனிக்கிழமை கூலி தந்தாக வேண்டும். சொசைட்டியின் காசோலையோ இரண்டு கையெழுத்துக்காகக் காத்திருக்கும். ஜூனில் மழை தொடங்கினால் வேலை பாதியாகும். சிறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் உங்கள் பணத்தை நிறுத்திவைக்கக் கூடாது. மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும். புகார் சென்றால் 90 நாளில் முடிக்க வேண்டும். படிக்க இனிமையான சட்டம். 90 நாள் என்று எழுதியவர்கள், அதுவரை அந்தச் சிறு தொழிலாளி எதைக் கொண்டு வாடகை கட்டுவான் என்பதையும் ஒரு பிரிவில் எழுதியிருக்கலாம்.

ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. உத்யம் பதிவு இலவசம். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் உங்கள் கைபேசியிலேயே முடித்துவிடலாம். முகவரி ‘கவ் டாட் இன்’ என்று முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். ஏனெனில் அரசின் தளத்தைப் போலவே ஜோடித்துக்கொண்டு கட்டணம் கேட்கும் தனியார் தளங்கள் உள்ளன, அவற்றைத் துடைத்தெறிய யாருக்கும் நேரமில்லை. முதல் பில் போடுவதற்கு முன்பே பதிந்துகொள்ளுங்கள், மேலே சொன்ன வட்டிப் பாதுகாப்புக்கு அது தேவைப்படும். ஜிஎஸ்டி பதிவுக்கும் அரசுக் கட்டணம் கிடையாது. உங்களுடையதைப் போன்ற சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை அந்தப் பதிவே அவசியமில்லை. ஆனால் ஒருமுறை வாங்கிவிட்டால் ஒரு ரூபாய் வராத காலத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும், போடத் தவறினால் தாமதக் கட்டணம் நாள் கணக்கில் ஏறும். ஏஜென்டுக்கு அதுதான் வேண்டும். ரிட்டர்ன் போட மாதாமாதம் அவரிடமே வருவீர்கள்.

அதைவிடப் பெரிய கண்ணி, அவர் சொல்லும் கம்பெனிப் பதிவு, அதாவது பிரைவேட் லிமிடெட். விசிட்டிங் கார்டில் அழகாக இருக்கும். வரவு பூஜ்யமாக இருந்தாலும் ஆண்டுதோறும் தணிக்கை, கம்பெனிப் பதிவாளருக்குப் படிவங்கள், தாமதித்தால் படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய். உங்களைப் போன்ற ஒற்றை ஆளுக்குத் தனிநபர் தொழிலே போதும். மும்பையில் எல்லோரும் ‘குமாஸ்தா’ என்று சொல்லும் கடைச் சட்டப் பதிவுக்குப் பதிலாக, 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்களைப் போன்றவர் இணையத்தில் ஓர் அறிவிப்புக் கொடுத்தால் போதும். அந்த ரசீதையும் உத்யம் சான்றிதழையும் வைத்து வங்கியில் கரன்ட் அக்கவுன்ட் கேளுங்கள். இப்போது சம்பளத்தில் மாதம் 200, பிப்ரவரியில் 300 என்று பிடிக்கும் தொழில் வரியை இனி ஆண்டுக்கு 2,500 ரூபாயாக நீங்களே கட்ட வேண்டும். சிறு தொழில்களுக்கான முத்ரா கடன் வாங்கித் தருகிறேன் என்று கமிஷன் கேட்பவர் அடுத்து வருவார். அதற்கு வங்கிக் கிளைக்கே நேரில் செல்லுங்கள்.

கிராஜுவிட்டி எனப்படும் பணிக்கொடையை நீங்கள் கேட்கவே இல்லை. 26,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் 15,000. ஐந்து ஆண்டுக்கு 75,000 ரூபாய். ஐந்து ஆண்டு முடித்தால்தான் அது கிடைக்கும், தீபாவளியில் விலகினால் அத்தனையும் போகும். நான்கு ஆண்டும் ஐந்தாம் ஆண்டில் 240 நாளும் ஆகிவிட்டால் கிடைக்கும் என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாறு தீர்ப்பளித்தது உண்மைதான். ஆனால் 240 நாள் என்பதை எப்படி எண்ணுவது என்று உங்கள் நிறுவனத்தின் மனிதவளத் துறையோடு வாதிட வேண்டும், அவர்கள் ‘அது சென்னைத் தீர்ப்பு, எங்கள் அலுவலகம் மும்பையில்’ என்பார்கள், பிறகு புகாரைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். தொழில் தொடங்கும் ஆண்டில் 75,000 ரூபாய்க்காக வழக்கு நடத்துவதைவிட மார்ச் நடு வரை காத்திருப்பது மலிவு.

நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு நீங்கள் விலகியதும் நின்றுவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தின் குடும்பப் பாலிசிக்கு மாற, விலகும் முன்பே எழுதிக் கேளுங்கள்.

பிப்ரவரியில் கடிதம் கொடுத்துவிட்டு ஒரு மாத நோட்டீஸில் மார்ச்சைத் தாண்டிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். சில நிறுவனங்கள் கடிதம் கிடைத்த மறுநாளே ஆளை விடுவித்துவிடும். ஐந்து ஆண்டு முடிந்த மறுநாள் கொடுங்கள். கோடையில் ஒரு மாதம் போனாலும் போகட்டும்.