ஊராட்சிகள் சேர்ந்து மின்சாரம் வாங்கலாமா? கேள்வி-பதில்

சொந்தமாகக் காற்றாலை வாங்கிய கோவை மாவட்ட ஓடந்துறை ஊராட்சி மாதிரி நாங்கள் நாலு ஊராட்சி சேர்ந்து காற்றாலை வாங்கினால் என்ன? (காங்கயம் வட்டாரம்)

வாங்கலாம். ஆனால் ஓடந்துறைக் கணக்கு 2006-ஆம் ஆண்டுக் கணக்கு: 350 கிலோவாட், சுமார் ரூ.1.55 கோடி, பெரும்பகுதி வங்கிக் கடன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மே கடைசியில் வலுத்து செப்டம்பரில் அடங்கிவிடும். உங்கள் மோட்டார்கள் அதிகம் ஓடுவதோ மார்ச், ஏப்ரலில். தவணை மட்டும் பன்னிரண்டு மாதமும் வரும். அதனால் மாதவாரியாக யூனிட் எழுதிய கணக்கு இல்லாமல் வங்கிக்குப் போகாதீர்கள்.

கூட்டாகச் சொந்த உபயோக (கேப்டிவ்) மின் ஆலை வைத்தால், பயன்படுத்துவோருக்குக் குறைந்தது 26 சதவீதப் பங்கு வேண்டும். ஆண்டு உற்பத்தியில் குறைந்தது 51 சதவீதத்தை அவர்களே செலவழிக்கவும் வேண்டும். இங்கேதான் பலரும் சறுக்குவார்கள். கூட்டுக் குடிநீர்க் குழாய் ஊருக்கு வந்துவிட்டால் போர் மோட்டார் ஓட்டம் பாதியாகும், 51 எட்டாது. அந்த ஆண்டு சொந்த உபயோகச் சலுகை முழுவதும் போய், வெளியில் மின்சாரம் வாங்குவோர் கட்டும் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் தலையில் விழும். குடிநீர்த் திட்டம் வரப்போகும் ஊரைப் பங்காளியாகச் சேர்க்குமுன் யோசியுங்கள்.

பசுமை மின்சாரம் வெளியில் வாங்க 100 கிலோவாட் வேண்டுமாமே? (கோபி)

ஆம், 2022-இல் வந்த மத்திய விதி. ஒரே இணைப்பில் இல்லாவிட்டால் பல இணைப்புகளின் சுமையைக் கூட்டலாம். ஆனால் அவை மின்வாரியத்தின் ஒரே மின் கோட்டத்துக்குள் (டிவிஷன்) இருக்க வேண்டும். 7.5 எச்.பி. மோட்டார் 5.6 கிலோவாட், அப்படிப் பதினெட்டு சேர்ந்தால்தான் 100 தாண்டும். ஊராட்சி ஒன்றிய எல்லையும் மின் கோட்ட எல்லையும் ஒன்றல்ல. முதல் வேலை, மின் அட்டைகளைக் கோட்டவாரியாகப் பிரிப்பது.

சேர்ந்து வாங்கிய எல்.இ.டி. தெருவிளக்குகள் ஒரே வாரத்தில் வரிசையாகப் போய்விட்டன. மட்டமான சரக்கா? (பல்லடம்)

வரிசையாகப் போனால் முதலில் லைனின் நியூட்ரல் கம்பியைப் பாருங்கள். அது அறுந்தால் 230-க்குப் பதில் 400 வோல்ட் வரை ஏறும், விளக்குக்குள் மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் தாங்காது. லைனைச் சரிசெய்யாமல் விளக்கை மாற்றினால் புது விளக்கும் போகும். அடுத்த டெண்டரில் 140 முதல் 270 வோல்ட் வரை எரியும் டிரைவர், 10 கே.வி. மின்னெழுச்சித் தடுப்பு, தூசியும் மழைநீரும் புகாத ஐ.பி.66 உறை என்று எழுதுங்கள். குறைந்த விலைக்காக இவற்றை விட்டுவிடக்கூடாது.

மிச்சம் எவ்வளவு? (அதே வாசகர்)

பழைய டியூப்லைட் சோக்குடன் 55 வாட், எல்.இ.டி. 20. முந்நூறு விளக்கு, இரவுக்கு 11 மணி நேரம்: ஆண்டுக்குச் சுமார் 42,000 யூனிட். பகலில் எரியும் விளக்கை அணைக்க ஆள் இருந்தால்.