பழைய கம்பியூட்டரில் தங்கம் தேடும் தம்பிக்கு

கேள்வி: அண்ணா, எனக்கு 24 வயது. பழைய கம்பியூட்டர், போன்களின் மின்சுற்றுப் பலகைகளில் (போட்களில்) அசிட் ஊற்றித் தங்கம் எடுக்கும் வீடியோக்கள் நிறையப் பார்த்தேன். வீட்டின் பின்பக்கம் கொஞ்சம் இடம் இருக்கிறது. அப்பா மூன்று இலட்சம் ரூபா தருவதாகச் சொல்லியிருக்கிறார். இந்தத் தொழிலைத் தொடங்கலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: பழைய சாமான் தொழிலைத் தாராளமாகத் தொடங்குங்கள் தம்பி. அசிட் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

தங்கம் இருப்பது உண்மைதான். கம்பியூட்டரின் நினைவகமான ரெம் கார்ட்டின் விளிம்பில் மஞ்சளாக மினுங்குவது தங்கப் பூச்சு. ஆனால் அது தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லியது. டோக்கியோ 2020 ஒலிம்பிக் பதக்கங்களுக்காக ஜப்பானில் இரண்டு வருடமாக நாடு முழுக்கப் பழைய மின்சாதனங்கள் சேர்த்தார்கள். 78,985 தொன் சேர்ந்தது. அதோடு 62 இலட்சம் கைத்தொலைபேசிகள். எல்லாவற்றிலிருந்தும் எடுத்த தங்கம் 32 கிலோ. கணக்குப் போட்டுப் பாருங்கள், தொன்னுக்கு அரைக் கிராம்கூட இல்லை. போன்களை மட்டும் பிரித்தால் கூடுதலாகக் கிடைக்கும்தான். ஆனால் ஒரு தொன் நிறை வருவதற்கே ஏறத்தாழப் பத்தாயிரம் சின்னப் போன்கள் வேண்டும். அப்பாவின் மூன்று இலட்சத்தில் அதை எங்கே வாங்குவீர்கள்?

வீடியோவில் மணம் வராது. நைத்திரிக் அமிலம் செம்பில் பட்டதும் செம்பழுப்பாக ஒரு புகை எழும்பும். சுவாசித்தால் முதலில் சின்ன இருமல்தான். சில மணித்தியாலங்கள் கழித்து, படுக்கப்போன நேரத்தில், நுரையீரலில் நீர் கோர்த்து மூச்சு முட்டும். மிச்சமாகும் அசிட்டில் செம்பும் ஈயமும் கரைந்திருக்கும். அதை எங்கே ஊற்றுவீர்கள்? கொட்டாஞ்சேனையில் உங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு வீட்டுக் குசினி இருக்கும்.

நான் மருதானையில் வேலை பழகிய காலத்தில், 17 வயதில், வயர்களைக் குவித்து எரித்துச் செம்பு எடுத்திருக்கிறேன். கடையில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். வயரின் பிளாஸ்ரிக் எரிந்தால் டயொக்சின் என்ற நஞ்சு வரும் என்று எவரும் சொல்லித்தரவில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் அந்தப் புகைக்குள்ளேதான் விளையாடினார்கள். இன்றைக்கும் அந்த மணம் நினைவுக்கு வந்தால் மனது சங்கடப்படும். வயரைக் கத்தியால் உரித்தாலே செம்பு சுத்தமாக வரும், எரித்த செம்பைவிட நல்ல விலையும் கிடைக்கும்.

காசு எதில் இருக்கிறது என்று 31 வருட அனுபவத்தில் சொல்கிறேன்: உடைப்பதில் இல்லை, திரும்ப ஓட வைப்பதில். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது புது லப்டொப் வாங்க முடிந்தவர்கள் எத்தனை பேர்? உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகளுக்காக ஒரு தாய், அலுவலகம் ஒன்று கழித்துவிட்ட லப்டொப்பைக் கொண்டுவந்தார். ஹார்ட் டிஸ்க் செத்திருந்தது. அதற்குப் பதிலாக எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் ஒன்றைப் போட்டு, வேறொரு உடைந்த மெஷினில் கழற்றிய ரெம்மையும் விசைப்பலகையையும் மாட்டிக் கொடுத்தேன். அந்த உடைந்த மெஷினை நிறைக்கு விற்றிருந்தால் எனக்கு ஒரு நேரச் சாப்பாட்டுக் காசுதான் வந்திருக்கும்.

ஆகவே முதலில் ஆறு மாதம் ஒரு நல்ல ரிப்பேர் கடையில் நில்லுங்கள். சோல்டரிங் பழகுங்கள், மீற்றர் பிடிக்கப் பழகுங்கள். உப்பிப்போன கப்பாசிட்டர் (மின்தேக்கி) ஒன்றை மாற்றினாலே உயிர் வரும் மொனிட்டர்கள் ஏராளம். படம் இருண்டு சத்தம் மட்டும் வரும் எல்ஈடி ரீவியில் பெரும்பாலும் பின்விளக்குப் பட்டிதான் போயிருக்கும். இப்படிப்பட்டவற்றை வாங்கித் திருத்தி, மூன்று மாத உத்தரவாதத்தோடு விற்றுப் பாருங்கள்.

ஒன்றுக்கும் உதவாத போட்களை உரிமம் உள்ள சேகரிப்பாளரிடம் கொடுங்கள். ஆபத்தான கழிவைக் கையாள மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் உரிமம் வேண்டும். போட்டிலிருந்து தங்கத்தையும் பலேடியம் என்ற விலையுயர்ந்த உலோகத்தையும் பிரிப்பது பெல்ஜியத்து ஹோபோகன் போன்ற இடங்களிலுள்ள பெரிய உருக்காலைகளின் வேலை. அங்கே புகையைப் பிடித்து வடிகட்டும் வசதி இருக்கிறது. கப்பலில் அனுப்புவதற்கும் கட்டுப்பாடு உண்டு. ஆபத்தான கழிவை நாட்டுக்கு நாடு அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் பாசல் சமவாயத்தில் இலங்கை 1992இலேயே சேர்ந்துவிட்டது. 2025 ஜனவரி 1 முதல், நஞ்சுள்ளதோ இல்லாததோ, எந்த மின்கழிவையும் பெறும் நாட்டின் முன்சம்மதம் இல்லாமல் அனுப்ப முடியாது.

கேள்வி: எரிந்துபோன சிஎஃப்எல் பல்ப்களைக் குப்பையோடு போடலாமா?
– வாசகி, தெஹிவளை

பதில்: வேண்டாம் அக்கா, உள்ளே பாதரசம் இருக்கிறது. உடையாமல் பெட்டியில் வைத்து மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். தவறி உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு, பிள்ளைகளோடு பதினைந்து நிமிடம் வெளியே நில்லுங்கள். பிறகு துண்டுகளைக் காட்போட் மட்டையால் அள்ளி, தூளை ஒட்டு நாடாவால் ஒற்றி எடுங்கள். தும்புத்தடியால் கூட்ட வேண்டாம்.

கேள்வி: காலமான என் கணவரின் போன் அலுமாரியில் இருக்கிறது. எடுத்துப் பார்த்தால் முதுகு பிளந்து உப்பி நிற்கிறது. அவருடைய படங்கள் எல்லாம் அதற்குள்தான். பழைய பேப்பர் வாங்குபவர் அதையும் கேட்கிறார். கொடுத்துவிடவா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, வெள்ளவத்தை

பதில்: கொடுக்காதீர்கள் ரீச்சர். உப்பியிருப்பது பற்றரி. அதை அழுத்தவோ, குத்தவோ, சார்ஜ் போடவோ கூடாது, தீப்பிடிக்கும். இன்றைக்கே அலுமாரியிலிருந்து எடுத்து, காய்ந்த மணல் போட்ட தகர டின்னில் வைத்து, துணிமணிக்கும் அடுப்புக்கும் தூரமாக வையுங்கள்.

படங்கள் போயிருக்காது. பழுதானது பற்றரிதான், படங்கள் இருப்பது வேறு சிப்பில். நம்பிக்கையான கடையில் பற்றரியை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் போன் எழும்பும். திரைப் பூட்டு இலக்கம் கேட்கும். அவருடைய டயரியில் எழுதி வைத்திருக்கிறாரா என்று தேடிவிட்டுப் போங்கள். "ரீசெற் பண்ணித் தருகிறோம்" என்று சொன்னால் சம்மதிக்க வேண்டாம், எல்லாம் அழிந்துவிடும். ஒரு பென்டிரைவ் கொண்டுபோய், பக்கத்திலேயே இருந்து பிரதி எடுப்பித்து, படங்கள் திறக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.