பாலை நிறுத்தாதீர்கள், வட்டியை நிறுத்துங்கள்

கேள்வி: நாங்கள் திருப்பூரில் லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். சொந்த ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். வீட்டுக்காரருக்கு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. சம்பளம் 16,500, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போகக் கைக்கு 15,000 வருகிறது. நான் வீட்டிலேயே பிசிறு வெட்டிக் கொடுத்து 4,000 சம்பாதிக்கிறேன். மகளிர் உரிமைத் தொகை 1,000. ஆக மாத வரவு 20,000. மகள் எட்டாவது, மகன் மூன்றாவது, இருவரும் அரசுப் பள்ளி. மாமியாரும் எங்களோடுதான். அவருக்கு பிரஷர், சுகர் இரண்டும் உண்டு.

செலவு: வாடகை 5,000, கரண்ட் 800, மளிகை 3,800, பால் 1,400, காய்கறி, கறி, மீன் 1,800, கேஸ் 700, மாமியார் மாத்திரை 1,300, பெட்ரோல் 1,200, மூன்று போன் ரீசார்ஜ் 850, டியூஷன் 500, வாரக் குழுக் கடன் மாதத்துக்கு 3,000 (இன்னும் ஏழு மாதம்), செல்போன் தவணை 1,150 (இன்னும் ஐந்து மாதம்). இரண்டு வருஷத்துக்கு முன் மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கிய 50,000-க்கு மாதம் 1,500 வட்டி. மொத்தம் 23,000.

மாதம் 3,000 துண்டு விழுகிறது. போன தீபாவளி போனஸில் மிச்சம் பிடித்ததை எடுத்து இதுவரை சமாளித்தேன், அதுவும் தீர்ந்துவிட்டது. பாலை நிறுத்திவிடலாமா? மளிகையில் எதைக் குறைப்பது? தை மாதம் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து வேறு. தாய்மாமன் சீர் 30,000 ஆகும் என்கிறார்கள். பீரோவில் இருக்கும் இரண்டு பவுன் செயினைத் தவிர எங்களிடம் வேறு எதுவும் இல்லை.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: பாலை நிறுத்தாதீர்கள், சகோதரி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மளிகைக் கணக்கை இரண்டு முறை பார்த்தேன். ஐந்து பேருக்கு 3,800 ரூபாய் என்றால் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 ரூபாய். அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இதற்கு மேல் சுருக்கினால் பிள்ளைகள் தட்டில்தான் குறையும். நீங்கள் ஏற்கெனவே கெட்டியாகத்தான் குடும்பம் நடத்துகிறீர்கள். வளரும் பிள்ளைகள் இரண்டு பேரும் சர்க்கரை நோயாளி ஒருவரும் இருக்கிற வீட்டில் பாலையும் பருப்பையும் குறைத்து மிச்சம் பிடித்தால், அந்தப் பணம் ஆறு மாதம் கழித்து மருந்துக் கடைக்குப் போகும்.

இப்போது நீங்கள் கடைசியாக எழுதிய மூன்றை மட்டும் தனியாகக் கூட்டிப் பாருங்கள். குழுக் கடன் 3,000, செல்போன் தவணை 1,150, வட்டி 1,500. மொத்தம் 5,650. மளிகையும் காய்கறியும் சேர்ந்தே 5,600-தான். ஐந்து பேர் சாப்பிடுவதைவிடக் கடனுக்குப் போவது 50 ரூபாய் கூடுதல். கை வைக்க வேண்டியது இங்கேதான்.

அந்த 50,000-ஐ முதலில் எடுத்துக்கொள்வோம். மூன்று ரூபாய் வட்டி என்று சொல்லும்போது சின்னதாகத் தெரியும். நூற்றுக்கு மாதம் மூன்று என்றால் வருஷத்துக்கு 36. இரண்டு வருஷத்தில் 36,000 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள், அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. பீரோவில் இருக்கும் செயினை அரசு வங்கியிலோ கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ அடகு வைத்து இந்தக் கடனை ஒரே தடவையில் அடைத்துவிடுங்கள். இன்றைய தங்க விலைக்கு இரண்டு பவுனுக்கு 50,000 தாராளமாகக் கிடைக்கும். அதற்கு மேல் தருகிறேன் என்றாலும் வாங்க வேண்டாம். வட்டி வருஷத்துக்குப் பத்து சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும் மாதத்துக்கு 420 ரூபாய்க்குள்தான் வரும். கொடுக்கும்போதே, மாதாமாதம் அசலிலும் கொஞ்சம் கட்டலாமா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நகைக் கடனைப் பெரும்பாலும் ஒரு வருஷத்தில் திருப்ப வேண்டும் அல்லது வட்டி கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அந்தத் தேதியைக் காலண்டரில் எழுதி மாட்டுங்கள். பழைய கடன்காரரிடம் கொடுத்திருக்கும் புரோநோட்டை, பணம் கொடுக்கும் அதே நிமிஷம் கையில் வாங்கிவிடுங்கள். "நாளைக்குத் தருகிறேன்" என்ற பேச்சே வேண்டாம்.

அந்தச் செயின் மகளுக்கென்று வைத்திருப்பதாக இருக்கலாம். அதை அடகு வைக்க மனசு வராது என்பதும் தெரியும். ஆனால் செயின் பீரோவில் சும்மா இருக்கும்போதே மாதம் 1,500 வீட்டைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. கீழே சொல்வதுபோல் கட்டினால் இரண்டு வருஷத்துக்குள் செயின் திரும்பி வந்துவிடும்.

அடுத்தது, உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தப்பட வைத்த விஷயம். வீட்டுக்காரர் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25 சதவீதம். 16,500 சம்பளத்துக்கு இரண்டும் சேர்த்து மாதம் 660 ரூபாய் உங்கள் குடும்பத்தின் மருத்துவத்துக்கென்று போய்க்கொண்டிருக்கிறது. இது அவருக்கு மட்டுமில்லை. மனைவி, பிள்ளைகள், அவரை நம்பியிருக்கும் தாய் தந்தைக்கும் சேர்த்துத்தான். உங்கள் மாமியார் அவருடைய அம்மா. இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் அவருக்கு பிரஷர், சுகர் மாத்திரை இலவசம். ஆஸ்பத்திரியில் சேர்க்கும் நிலை வந்தால் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. அங்கே வசதி இல்லாத சிகிச்சை என்றால் அவர்களே ஒப்பந்தமுள்ள தனியார் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

நடந்ததைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் எத்தனையோ குடும்பங்களில் இதே கதைதான். பிடித்தம் தெரியும், எதற்கு என்று யாரும் உட்கார்ந்து விளக்கியிருக்க மாட்டார்கள். இந்த வாரமே வீட்டுக்காரர் கம்பெனி அலுவலகத்தில் தன் இ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்கட்டும். குடும்ப விவரத்தில் அம்மாவின் பெயர், உங்கள் பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாம் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, விட்டுப்போயிருந்தால் ஆதாரோடு சேர்க்கச் சொல்லட்டும். வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், மாதத்தில் ஒரு நாள் பிசிறு வேலை பாதியாகும், உண்மைதான். ஆனாலும் 1,300 மிச்சம். பெயர் ஏறும்வரை பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். இந்த இரண்டு நோய்க்கும் அங்கே மாத்திரை இலவசம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிந்தால் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். டாக்டரிடம் காட்டாமல் மட்டும் ஒரு நாள்கூட மாத்திரையை நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம்.

ரேஷன் கார்டு பற்றி நீங்கள் எழுதவில்லை. ஒட்டன்சத்திரம் முகவரியிலேயே இருக்கும் என்று நினைக்கிறேன். பிழைக்க வந்த குடும்பங்களில் பலருக்கு அப்படித்தான். ஊருக்குப் போகும்போது மட்டும் வாங்குவார்கள், இல்லையென்றால் விட்டுவிடுவார்கள். இ-சேவை மையத்தில் கொடுத்து முகவரியைத் திருப்பூருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டு ஓனர் வாடகை ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தால் சுலபம். அரிசி அட்டை என்றால் 20 கிலோவாவது அரிசி விலையில்லாமல் வரும். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ரேஷன் அரிசிச் சாப்பாடு பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை என்றால் இட்லி, தோசைக்குப் போடுங்கள். ரேஷன் புழுங்கலரிசியில் மாவு நன்றாகவே வரும். கடை அரிசி சாப்பாட்டுக்கு மட்டும் போதும். இப்படிச் செய்தால் உங்கள் மளிகை 3,800-லிருந்து 3,000 பக்கம் வரும், சாப்பாட்டின் அளவு குறையாமலே. காய்கறிக்கு உழவர் சந்தைக்குக் காலையில் போகிறவர்தானே என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் வாரம் ஒரு நாளாவது போங்கள்.

போன். மூன்று எண்ணுக்கும் இணையம் தேவையில்லை. மாமியார் பேசுவதற்கு மட்டும் வைத்திருப்பார். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் உத்தரவுக்குப் பிறகு 2025 தொடக்கத்திலிருந்து பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டுமான திட்டங்கள் வந்துவிட்டன. 84 நாளுக்கு 500 ரூபாய்க்குள் முடியும். உங்கள் இருவர் எண்ணிலும் 28 நாள் திட்டம் போடுகிறீர்களா என்று பாருங்கள். 28 நாள் என்பது மாதமில்லை, வருஷத்துக்கு 13 தடவை காசு போகும். கவனித்துத் தேர்ந்தெடுத்தால் 300 ரூபாயாவது மிஞ்சும்.

கரண்ட் கணக்கைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. ஓனர் யூனிட்டுக்கு எட்டோ ஒன்பதோ வாங்குகிறார், சரிதானே? ஒன்பது என்றால் இரண்டு மாதத்தில் நீங்கள் எரிப்பது 180 யூனிட்டுக்குள். உங்கள் வீட்டுக்கென்று தனி இணைப்பு இருந்து வாரியத்துக்கே நேரடியாகக் கட்டினால், வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 சலுகை விலை. 180 யூனிட்டுக்கு இரண்டு மாதத்துக்கும் சேர்த்து 200 ரூபாய் பக்கம்தான் வரும். நீங்கள் கொடுப்பது 1,600. லைன் வீட்டில் இதை ஒற்றை ஆளாகக் கேட்டால் "வீட்டைக் காலி பண்ணு" என்பார்கள். அக்கம்பக்கத்துக் குடும்பங்களோடு சேர்ந்து, தனி மீட்டருக்கு விண்ணப்பிக்கும் செலவைப் பகிர்ந்துகொள்கிறோம் என்று மரியாதையாகக் கேளுங்கள். உடனே நடக்காது. அதனால் இதை நான் மிச்சக் கணக்கில் சேர்க்கவில்லை. அடுத்து வீடு மாறும்போது வாடகைக்கு முன்பே "தனி மீட்டரா?" என்று கேளுங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். மாத்திரையில் 1,300, மளிகையில் 800, போனில் 300. ஆக 2,400. கடன்காரருக்குக் கொடுத்த 1,500-க்குப் பதில் இப்போதைக்கு நகைக் கடனுக்கு 900 கட்டுங்கள். வட்டி போக 480 ரூபாய் அசலில் கழியும். அங்கே 600 மிச்சம். மொத்தம் 3,000. விழுந்த துண்டு அடைபட்டது, பாலும் மீனும் அப்படியே இருக்கின்றன. கார்டு மாறவும் இ.எஸ்.ஐ.யில் பெயர் ஏறவும் ஒன்றிரண்டு மாதம் பிடிக்கும். அதுவரை பிள்ளைகள் டியூஷனைத் தள்ளிவைக்கலாம். பெட்ரோலில், ஞாயிற்றுக்கிழமைச் சுற்றலைக் குறைக்கலாம். புதிதாகக் கைமாற்று வாங்குவதைவிட அது தேவலை.

ஐந்து மாதத்தில் செல்போன் தவணை முடியும். அந்த 1,150-ஐ வேறு எதற்கும் தொடாமல் உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் சேருங்கள். காய்ச்சல், பள்ளி திறப்பு, திடீர் ஊர்ப்பயணம் எதுவும் உங்கள் பட்டியலில் இல்லை. ஆனால் வராமல் இருக்காது. ஏழாவது மாதம் குழுக் கடன் முடியும்போதுதான் பெரிய சோதனை. "நல்லா கட்டிட்டீங்க, அடுத்தது இன்னும் பெரிசா தர்றோம்" என்று வீட்டு வாசலுக்கே வருவார்கள். குழுவில் மற்ற பெண்கள் வாங்கும்போது நீங்கள் மட்டும் வேண்டாம் என்பது சங்கடம்தான். இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த 3,000-ஐயும் நகைக் கடனில் சேர்த்து மாதம் 3,900 கட்டினால், அடகு வைத்த நாளிலிருந்து ஏறக்குறைய இருபது மாதத்தில் செயின் வீட்டுக்கு வந்துவிடும். அதற்கிடையில் குழுக் கடன் வசூலுக்கு வருகிறவர்கள் மிரட்டினால் பயப்பட வேண்டாம். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. முன்கூட்டியே அடைத்தால் அபராதமும் கிடையாது.

வீட்டுக்காரர் வங்கியில் இரண்டு கையெழுத்துப் போடட்டும். வருஷத்துக்கு 20 ரூபாயில் விபத்துக் காப்பீடு, 436 ரூபாயில் ஆயுள் காப்பீடு; இரண்டிலும் 2 லட்சம். ஆயுள் காப்பீட்டில் சேர 50 வயதுக்குள் இருக்க வேண்டும். பி.எஃப். கணக்கில் வாரிசாக உங்கள் பெயர் இருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடட்டும்.

கடைசியாக, தாய்மாமன் சீர். இதற்குக் கடன் வாங்கினால் மேலே போட்ட கணக்கு முழுவதும் வீணாகும். காது குத்த மாமன் மடி வேண்டும், அது உங்கள் வீட்டுக்காரரிடம் இருக்கிறது. அண்டாவும் பட்டும் மோதிரமும் கடனில் வந்தால் அதன் வட்டியை உங்கள் மகனும் மகளும்தான் சாப்பாட்டில் கட்டுவார்கள். தீபாவளி போனஸில் ஒரு தொகையை, 5,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், இதற்கென்று எடுத்துவைத்துவிடுங்கள். குழந்தைக்கு ஒரு நல்ல துணி, பழத்தட்டு, பூ, மீதியைப் பணமாக. இதை நாத்தனாரிடம் நீங்கள் சொன்னால் வேறு மாதிரி போய்ச் சேரும். அண்ணனோ தம்பியோ, கூடப் பிறந்தவர்தான் சொல்ல வேண்டும். போனில் வேண்டாம். பத்திரிகை அடிப்பதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய், "இந்தத் தடவை என்னால் இவ்வளவுதான் முடியும்" என்று அவர் வாயாலேயே சொல்லட்டும்.