முடியாத கேமுக்கு முன்கூட்டியே காசு கொடுக்கலாமா?

உருவாகிக்கொண்டிருக்கும்போதே விற்பனைக்கு வரும் 'எர்லி ஆக்சஸ்' கேம்கள் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம்.

கணினி கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் தளத்தில் எர்லி ஆக்சஸ் கேம் ஒன்றை வாங்க நினைக்கிறேன். இப்போதே வாங்காவிட்டால் பிறகு விலை ஏறிவிடும் என்கிறார்கள் நண்பர்கள். வாங்கலாமா?
(கல்லூரி மாணவர், கோவை)

இன்று அந்த கேமில் இருப்பதற்கு மட்டும் அந்த விலை தகுமா என்று பாருங்கள். தகும் என்றால் தயங்காமல் வாங்குங்கள். இனிமேல் வரப்போவதாகச் சொல்லும் பட்டியலுக்காக ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். ஸ்டீம் 2013 மார்ச்சில் இந்தத் திட்டத்தைத் தொடங்கியது. இப்போது இருக்கிற நிலையில் விளையாட ஆர்வம் இல்லையென்றால் காத்திருங்கள் என்று எர்லி ஆக்சஸ் கேம்களின் விற்பனைப் பக்கத்தில் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படிக்காமல் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம்.

விலை ஏறுவது உண்மைதான். சாட்டிஸ்ஃபாக்டரி என்ற கேம் 2024 செப்டம்பரில் முழுமையாக வந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பே 30 டாலரிலிருந்து 40 டாலராக விலையை ஏற்றிவிட்டார்கள். ஃபேக்டோரியோ 20, 30, 35 டாலர் என்று படிப்படியாக ஏறியது. அதைத் தயாரிப்பவர்கள் தள்ளுபடியே தருவதில்லை என்பதைக் கொள்கையாக வைத்திருக்கிறார்கள். ஆனால் எல்லா கேமும் அப்படி இல்லை. பால்டர்ஸ் கேட் 3 எர்லி ஆக்சஸில் வந்த 2020 அக்டோபரிலும் 60 டாலர்தான், முழுசாக வந்த 2023 ஆகஸ்டிலும் 60 டாலர்தான். முன்கூட்டி வாங்கியவர்களுக்குக் கிட்டத்தட்ட மூன்று வருடம் கதையின் முதல் பாகம் மட்டுமே கிடைத்தது.

பொதுவாக, வெளியான ஒரு வருடத்துக்குள் கோடைக்கால, குளிர்காலத் தள்ளுபடிகளில் விலை இறங்கிவிடும். அவசரப்பட்டு வாங்கினால் மிச்சமாவது சில நூறு ரூபாய். கேம் பாதியில் நின்றுபோனால் போவது மொத்தக் காசு. இந்தக் கணக்கைப் பார்த்தால் விலையேற்றத்துக்குப் பயந்து வாங்குவதில் அர்த்தம் இல்லை.

எந்த மாதிரி கேம்களை முடியும் முன்பே விளையாடலாம்?
(வாசகர், திருநெல்வேலி)

திரும்பத் திரும்ப ஆரம்பத்திலிருந்து ஆடும் கேம்கள் இந்த முறைக்கு நன்றாகப் பொருந்தும். சீட்டுகளை வைத்து ஆடும் ஸ்லே த ஸ்பயர் 2017 நவம்பரில் எர்லி ஆக்சஸுக்கு வந்து 2019 ஜனவரியில் முடிந்தது. ஒரு ஆட்டம் ஒரு மணி நேரம் போலத்தான் ஓடும். அடுத்த ஆட்டத்துக்குள் புதுச் சீட்டு வந்தால் லாபம், வராவிட்டாலும் நஷ்டமில்லை. ஃபேக்டரி கட்டுவது, காட்டில் பிழைப்பது போன்ற வகைகளும் அப்படித்தான். முடிவு என்று ஒன்று இல்லாததால் 'முடியாதது' என்ற குறை பெரிதாகத் தெரியாது.

கதை கேம்களுக்கு இது ஒத்துவராது. நல்ல கதையை முதல் தடவை அனுபவிப்பது ஒரே ஒரு முறைதான் கிடைக்கும். அதைப் பாதிக் குரல், பாதி அசைவு, நடுவில் அறுந்துபோகும் வசனம் என்று செலவழித்துவிடக் கூடாது. பால்டர்ஸ் கேட் 3-இல் எர்லி ஆக்சஸில் சேமித்த ஆட்டம் ('சேவ்') எதுவும் முழு கேமுக்குச் செல்லாது என்று அதைத் தயாரித்த லேரியன் நிறுவனம் முன்பே சொல்லியிருந்தது. முதல் பாகத்தை ஏற்கெனவே இரண்டு மூன்று முறை முடித்தவர்களும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. கதையும் மறு ஆட்டமும் கலந்த ஹேடஸ் ஒரு நல்ல விதிவிலக்கு. 2018 டிசம்பரிலிருந்தே விளையாடக் கிடைத்தாலும், கதையின் உண்மையான முடிவை 2020 செப்டம்பரில் வந்த 1.0 என்ற முழு வெர்ஷன் வரை சூப்பர்ஜயன்ட் நிறுவனம் எடுத்து வைத்திருந்தது.

கேமை முடிப்பார்களா, பாதியில் விட்டுவிடுவார்களா என்று விற்பனைப் பக்கத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க வழி உண்டா?
(மென்பொருள் ஊழியர், சென்னை)

உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கால் மணி நேரம் ஒதுக்கினால் ஆபத்தான கேம்களில் பெரும்பாலானவற்றை ஒதுக்கிவிடலாம்.

ஏன் எர்லி ஆக்சஸ், எவ்வளவு காலம், முழு வடிவம் எப்படி மாறும், இப்போதைய நிலை என்ன, விலை மாறுமா, விளையாடுபவர்களின் கருத்தை எப்படிச் சேர்ப்பார்கள் என்ற ஆறு கேள்விகளுக்கு ஒவ்வொரு தயாரிப்பாளரும் அந்தப் பக்கத்தில் பதில் எழுதியே ஆக வேண்டும். முதலில் 'எவ்வளவு காலம்' என்பதைப் படியுங்கள். 'ஒரு வருடம்' என்று எழுதியிருந்து, கேம் விற்பனைக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தால், தாமதத்தைவிட அந்தப் பதிலைத் திருத்தக்கூட ஆள் இல்லை என்பதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். அடுத்து 'இப்போதைய நிலை'. எத்தனை மணி நேர ஆட்டம், எத்தனை வரைபடம், என்னென்ன வேலை செய்யவில்லை என்று அங்கே குறிப்பாக எழுதுபவர்களை நம்பலாம். 'பிரமாண்டமான உலகம்' என்று விளம்பரம் எழுதுபவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

பிறகு அப்டேட் செய்திகளுக்குப் போங்கள். கடைசி ஐந்து பதிவுகளின் தேதிகளைப் பாருங்கள். சீரான இடைவெளி முக்கியம். மூன்று மாதத்துக்கு ஒரு பெரிய அப்டேட் தருவது வாரம் ஒரு சின்னத் திருத்தம் தருவதைவிட மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் வாரந்தோறும் வந்துகொண்டிருந்தது திடீரென்று நின்றிருந்தால் காரணம் இருக்கும். பேட்ச் குறிப்பை, அதாவது திருத்தங்களின் பட்டியலைத் திறந்தால் 'இந்த இடத்தில் கதவு வழியாக விழும் பிழை சரிசெய்யப்பட்டது' என்கிற மாதிரி சலிப்பூட்டும் வரிகள் நீளமாக இருக்க வேண்டும். வெறும் படங்களும் வருங்காலத் திட்டங்களும் மட்டும் இருந்தால் வேலை நடக்கவில்லை. செய்திகள் வந்துகொண்டிருந்தும் சந்தேகமாக இருந்தால் ஸ்டீம்டிபி தளத்தில் அந்த கேமின் பேட்ச் பட்டியலைப் பாருங்கள். உண்மையில் எந்தத் தேதியில் கேமின் புது வடிவத்தை (பில்ட்) ஏற்றினார்கள் என்பது அங்கே தெரிந்துவிடும். இந்திய ரூபாயில் விலை எப்படி ஏறி இறங்கியது என்பதும் அங்கேயே இருக்கிறது.

ஒரு வருடத்துக்கு மேல் அப்டேட் வராத எர்லி ஆக்சஸ் கேம்களின் பக்கத்தில், கடைசி அப்டேட் வந்து எவ்வளவு காலம் ஆனது என்ற அறிவிப்பை 2025-லிருந்து ஸ்டீமே போடுகிறது. அதைப் பார்த்தால் அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விமர்சனங்களில் மொத்த சதவீதத்தை விட்டுவிட்டு, கடைசி 30 நாளில் வந்த எதிர்மறை விமர்சனங்களை மட்டும் வடிகட்டி, 20 மணி நேரத்துக்கு மேல் விளையாடியவர்கள் எழுதியதைப் படியுங்கள். கேமை நேசித்துப் பிறகு ஏமாந்தவர்கள் சொல்வதில்தான் விஷயம் இருக்கும்.

இன்னொன்று: கேம் முடியும் முன்பே கூடுதல் பாகத்துக்குத் தனியாகக் காசு கேட்கிறார்களா என்று பாருங்கள். ஆர்க்: சர்வைவல் எவால்வ்ட் 2016 செப்டம்பரில் அப்படித்தான் செய்தது. மூல கேம் முழுமையாக வந்தது 2017 ஆகஸ்டில். அந்த கேம் முடிந்துதான் வந்தது. என்றாலும் ஏற்கெனவே காசு கொடுத்தவர்களின் வேலையை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை விற்பது சரியான முறை அல்ல.

பெரிய நிறுவனம் வெளியிட்டால் பயப்பட வேண்டியதில்லை அல்லவா?
(வாசகர், சேலம்)

பயப்பட வேண்டும். கெர்பல் ஸ்பேஸ் ப்ரோக்ராம் 2-ஐப் பாருங்கள். பின்னால் இருந்தது டேக்-டூ என்ற பெரிய வெளியீட்டு நிறுவனம். 2023 பிப்ரவரியில் 50 டாலருக்கு வந்தது. முதலில் அறிவித்த பரிந்துரையில் ஆர்டிஎக்ஸ் 3080 என்ற உயர்ரக கிராஃபிக்ஸ் கார்டு கேட்டார்கள். காலனிகள், வேறு நட்சத்திர மண்டலங்கள், மல்டிபிளேயர் எல்லாம் படிப்படியாக வரும் என்று திட்டம் போட்டார்கள். அறிவியல் பகுதி 2023 டிசம்பரில் வந்தது. 2024-இல் அதை உருவாக்கிய குழுவையே கலைத்துவிட்டார்கள். மற்ற மூன்றும் வரவே இல்லை.

பெரிய குழுவின் மாதச் சம்பளத்தை விற்பனை ஈடுகட்டாவிட்டால், கணக்குப் பார்க்கும் வெளியீட்டாளர் மூடிவிடுவார். சிறு குழுவுக்குக் குறைந்த விற்பனையே போதும். ப்ராஜெக்ட் ஸோம்பாய்ட் 2013 நவம்பரில் ஸ்டீமுக்கு வந்து பத்து வருடம் தாண்டியும் எர்லி ஆக்சஸிலேயே இருந்தாலும் வளர்வது நிற்கவில்லை. அதற்காகச் சிறு குழு என்றாலே நம்பிவிடவும் கூடாது. த டே பிஃபோர் 2023 டிசம்பர் 7 அன்று வந்தது, நான்கே நாளில் நிறுவனத்தை மூடுவதாக அறிவித்தார்கள். அப்போது வாங்கிய அனைவருக்கும் பணம் திரும்பக் கிடைத்தது. எல்லா கேமுக்கும் அப்படி நடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நின்றுபோன எர்லி ஆக்சஸ் கேமுக்குப் பணம் திருப்பித் தர வேண்டும் என்று ஸ்டீம் விதி எதுவும் இல்லை.

பிடிக்காவிட்டால் ரீஃபண்ட் வாங்கிவிடலாம்தானே?
(வாசகி, புதுச்சேரி)

வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீமில் கிடைக்கும். எர்லி ஆக்சஸ் கேமுக்கும் இதே விதிதான். முழுமையாக வந்த நாளிலிருந்து புதிதாக எண்ண மாட்டார்கள். அதனால் 'இப்போது வாங்கி வைப்போம், முடிந்ததும் விளையாடுவோம்' என்பது மிகத் தவறான முறை. திறக்கவே இல்லையென்றாலும் 14 நாளில் அந்த உரிமை போய்விடும். அதற்குப் பதில் விஷ்லிஸ்ட்டில் (விருப்பப் பட்டியலில்) போடுங்கள். கேம் முழுமையடையும்போதும் 20 சதவீதமோ அதற்கு மேலோ தள்ளுபடி வரும்போதும் மின்னஞ்சல் வரும்.

அந்த இரண்டு மணி நேரத்தைத் திட்டமிட்டுச் செலவழியுங்கள். கேம் திறந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் சேரும். ஷேடர் (காட்சிகளை வரையும் நிரல்) தயாராவது, மெனுவில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போவது எல்லாமே அதில் அடக்கம். முகம், தலைமுடி என்று கதாபாத்திரத்தை அலங்கரித்துக்கொண்டிருக்காமல் கொடுத்ததை எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள். நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று காட்டும் ஸ்டீமின் ஃபிரேம் ரேட் காட்டியைப் போட்டு, கூட்டமான இடத்தில் எண்ணிக்கை எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். அரை மணி நேரத்தில் ஒரு முறை சேவ் செய்து, முழுதாக வெளியேறி, மறுபடி திறந்து எல்லாம் அப்படியே இருக்கிறதா என்று சோதியுங்கள். நண்பர்களோடு ஆடத்தான் வாங்கினீர்கள் என்றால் அதை முதல் நாளே செய்துபாருங்கள். ஒன்றரை மணி நேரத்தில் நிறுத்தி முடிவெடுங்கள்.

வேறு தளங்களில் மலிவாக வாங்கிய கீயை (கேமைப் பெறும் குறியீட்டை) ஸ்டீமில் போட்டிருந்தால் ஸ்டீம் பணம் தராது. கட்டணம் செலுத்திய வழியில் திருப்பி அனுப்ப முடியாவிட்டால் பணம் ஸ்டீம் வாலட்டுக்கு வரும். அதே கேம் ஜிஓஜி என்ற இன்னொரு விற்பனைத் தளத்திலும் இருந்தால் அங்கே வாங்குவது மேல். விளையாடியிருந்தாலும் 30 நாள் அவகாசம் தருகிறார்கள்.

அப்டேட் ஆனதும் என் பழைய சேவ் திறக்கவில்லை. மீட்க முடியுமா?
(வாசகர், தஞ்சாவூர்)

பெரும்பாலும் முடியும், ஆனால் அதை புது வெர்ஷனில் மறுபடி மறுபடி திறந்து பார்க்காதீர்கள். பொருள்களின் பட்டியலோ வரைபட அமைப்போ மாறியதும் பழைய ஃபைலில் உள்ள குறிப்புகள் புது வெர்ஷனுக்குப் புரியாமல் போகின்றன. அந்த நிலையில் ஆட்டோசேவ் ஓடினால் நல்ல பகுதியும் அழியும்.

முதலில் கேமை மூடுங்கள். லைப்ரரியில் கேமின் மீது ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸுக்குப் போய் சேவை இணையத்தில் நகலெடுத்து வைக்கும் ஸ்டீம் கிளவுடை அணையுங்கள். சேவ் ஃபோல்டரை முழுதாக வேறு டிரைவுக்கு காப்பி எடுங்கள். ப்ராஜெக்ட் ஸோம்பாய்டுக்கு அது விண்டோஸ் பயனர் ஃபோல்டரில் 'ஸோம்பாய்ட்' என்பதற்குள் இருக்கும். வால்ஹைமுக்கு ஆப்டேட்டா, லோக்கல்லோ என்று உள்ளே போக வேண்டும். அடுத்து அதே ப்ராப்பர்ட்டீஸில் 'பீட்டாஸ்' பகுதியில் பழைய வெர்ஷன் இருந்தால் தேர்ந்தெடுங்கள். அது இறங்கியதும் காப்பி எடுத்த ஃபோல்டரை அதன் இடத்தில் வைத்து கேமைத் திறந்து பாருங்கள். மாட் (விளையாடுபவர்கள் உருவாக்கிய கூடுதல் மாற்றங்கள்) போட்டிருந்தால் அவையும் அந்தப் பழைய வெர்ஷனுக்கு உரியவையாக இருக்க வேண்டும். பல சமயம் சேவ் நன்றாகத்தான் இருக்கும், மாட்தான் தடுக்கும்.

சேவ் திறந்தாலும் புது விஷயங்கள் தெரியாமல் போவதும் உண்டு. வால்ஹைமில் 2022 டிசம்பரில் மிஸ்ட்லேண்ட்ஸ் என்ற புதுப் பகுதி வந்தபோது, ஏற்கெனவே சுற்றிப் பார்த்த நிலப்பரப்பு பழையபடியே நின்றது. போகாத பக்கம் கப்பலில் போனவர்களுக்குத்தான் புதுப் பகுதி கிடைத்தது. அது பழுது அல்ல. ஒரு முறை உருவான நிலத்தை கேம் மறுபடி உருவாக்குவதில்லை.

என் லேப்டாப்பில் இப்போது திணறுகிறது. முழுமையானதும் வேகமாக ஓடுமா?
(வாசகர், ஈரோடு)

அதை நம்பி வாங்காதீர்கள். வேகப்படுத்தும் வேலையைக் கடைசியில்தான் செய்வார்கள் என்பது உண்மை. ஆனால் அதற்குள் கேமே கனத்துவிடலாம். சாட்டிஸ்ஃபாக்டரி 2023-இல் நடுவழியில் அன்ரியல் 5 என்ற புது கேம் எஞ்சினுக்கு மாறியது. இன்றே உங்கள் லேப்டாப்பில் நன்றாக ஓடினால் மட்டும் வாங்குங்கள்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகன் இப்படி ஒரு கேம் கேட்கிறான். என்ன செய்வது?
(ஒரு தாய், மதுரை)

முதலில் அந்த கேமுக்கு இலவச டெமோவோ ப்ளேடெஸ்ட்டோ (சோதனை ஆட்டம்) இருக்கிறதா என்று அவனையே தேடச் சொல்லுங்கள். ஸ்டீம் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் பிப்ரவரி, ஜூன், அக்டோபர் மாதங்களில் நடக்கும். வெளிவராத கேம்களின் டெமோக்கள் அப்போது நிறைய இலவசமாகக் கிடைக்கும். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஸ்டீமின் குடும்ப வசதியான ஸ்டீம் ஃபேமிலீஸில் அவனுக்குக் குழந்தைக் கணக்கு தொடங்குங்கள். அவன் கேட்கும் கேம் உங்கள் அனுமதிக்கு வரும், நீங்கள் பார்த்துவிட்டுக் காசு கட்டலாம், விளையாடும் நேரத்துக்கும் வரம்பு வைக்கலாம். அனுமதி கொடுக்கும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள்: முகம் தெரியாதவர்களோடு பேசும் வசதி அதில் இருக்கிறதா, கடைசி அப்டேட் எப்போது வந்தது?