காட்டுக்குள் நடந்துகொண்டே இலக்குகளைச் சுடும் போட்டிக்கு, குழலின் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கியுடன் இன்னும் என்னென்ன வாங்கவேண்டும்?

இருபது பொருள்களின் பட்டியலைப் போட்டுவிட்டு இன்னும் என்ன வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றும் வாங்காதீர்கள். பாதியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பட்டியலைப் பார்த்தால், நீங்கள் இதுவரை மேசை போட்ட சுடுதளத்தில் நின்றுதான் சுட்டிருக்கவேண்டும். நானும் அப்படிப் போய் மானம் போனவன்தான்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் பதக்கம் வாங்கியவன் அல்ல. இருப்பது தெற்கு இந்தியானாவில். 1933இல் தோன்றிய தேசிய வாய்வழித் துப்பாக்கிச் சங்கத்தின் சுடுதளம் இங்கே பிரெண்ட்ஷிப் என்ற சிற்றூரில் இருக்கிறது. ஜூனிலும் செப்டம்பரிலும் அங்கே நடக்கும் போட்டிகளை வேடிக்கை பார்க்கப் போய் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. நம் ஊர்ச் செய்தித்தாள்கள் நாட்டுத் துப்பாக்கி என்று எழுதுகின்றனவே, அதுவும் இதுவும் வேலை செய்யும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். அதற்காக ஊரில் இருப்பவர்கள் யாரும் தோப்பில் இறங்கிவிடவேண்டாம். அங்கே அதற்கும் உரிமம் வேண்டும்.

என் முதல் காட்டு நடை ஒரு ஜூன் மாதப் புழுக்கத்தில். தோள்பையில் நூறு ஈயக் குண்டுகள், இரண்டு மருந்து அளவைகள், பித்தளைக் குடுவை, ஒரு சிறு சுத்தியல், மூன்று டப்பா எண்ணெய், தொலைநோக்கி. கல்யாணச் சமையலுக்குப் போகிறவன் மாதிரி இருந்தேன். மூன்றாவது இலக்கு, மரத்தண்டில் பதித்த கோடரி. அதன் விளிம்பில் குண்டு பட்டு இரண்டாகப் பிளந்து, இரு பக்கமும் இருக்கும் களிமண் தட்டுகளை உடைக்கவேண்டும். பின்னால் ஐந்து பேர் காத்திருந்தார்கள். நான் பைக்குள் குண்டைச் சுற்றும் துணி வில்லையைத் தேடினேன், பிறகு குண்டைத் தேடினேன், பிறகு எண்ணெயைத் தேடினேன். எல்லாம் கிடைத்து, கோலால் அழுத்தி, குறிபார்த்து விசையை இழுத்தால், குழலின் பக்கவாட்டில் முதலில் தீப்பற்றும் கிண்ணியில் இருந்த மருந்து மட்டும் பளிச்சென்று எரிந்து அடங்கிவிட்டது. தாமதமாக வெடித்தாலும் வெடிக்கும் என்பதால், குழலை இலக்கின் பக்கமே நீட்டிக்கொண்டு சிலைபோல நின்றேன்.

எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “மருந்து போட்டாயா?”

போடவில்லை. தேடுகிற மும்முரத்தில் வெறும் குண்டை மட்டும் கெட்டித்திருந்தேன். அவர் சிரிக்காமல், கிண்ணியிலிருந்து குழலுக்குள் தீ போகும் தீத்துளை வழியாகச் சிட்டிகை நுண்மருந்தைக் குச்சியால் உள்ளே தள்ளவைத்து, குண்டைக் கோலால் மறுபடி அடிவரை அழுத்தச் சொல்லி, சுடச் சொன்னார். பத்தடி தள்ளிப் போய்ப் பொத்தென்று விழுந்தது குண்டு. பின்னால் காத்திருந்த ஐவரும் கைதட்டினார்கள்.

அவருடைய பை என் உள்ளங்கை இரண்டு சேர்ந்த அளவுதான். துணி சுற்றிய குண்டுகளை வரிசையாகச் செருகிய மரக்கட்டை கழுத்தில் தொங்கியது. மான்கொம்பில் குடைந்த அளவை, மருந்து வைத்திருக்கும் கொம்பின் வாரிலேயே கட்டியிருந்தது. தீத்துளையைக் குத்தும் கம்பியும் சிறு தூரிகையும் அதே வாரில். பைக்குள் பொறி தட்டும் உதிரி சக்கிமுக்கிக் கல் ஒன்று, திருப்புளி, துடைக்கும் துணி, குழலில் மாட்டிக்கொண்ட குண்டை உருவும் திருகாணி. கண்ணை மூடிக்கொண்டு கைவிட்டால் வேண்டியது வரும். மருந்து, குண்டு, கோல், கிண்ணி என்று கை போகிற வரிசையிலேயே சாமான்களும் இருந்தன.

அந்த மரக்கட்டையை நானே செய்யலாம் என்று மேப்பிள் பலகை வாங்கினேன். அரை அங்குலத் துளைகள் போட ட்ரில் வேண்டும். என் ட்ரில்லைப் பொங்கல் விழா மேடைக்கென்று எங்கள் ஊர்த் தமிழ் அன்பர் ஒருவர் வாங்கிப்போயிருந்தார். மூன்று பொங்கல் போய்விட்டது. கேட்டால் “நாளைக்குக் கொண்டுவருகிறேன் அண்ணா” என்கிறார். கரும்பு கட்டவும் கோலம் போடவும் ட்ரில் எதற்கு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. போகட்டும், புதிதாக ஒன்று வாங்கினேன்.

இப்போது என் 0.50 அங்குலக் குழலுக்கு 0.490 குண்டும் 0.015 கனத் துணியும் போதுமென்று நிறுத்திக்கொண்டேன். முன்பு 0.020 துணியை வைத்துச் சுத்தியலால் தட்டித்தான் இறக்குவேன். சுத்தியல் வீட்டுக்குப் போய்விட்டது. துல்லியம் ஒரு நூல் குறைந்திருக்கலாம், மேசைத் தளக்காரர்கள் சண்டைக்கு வரவேண்டாம். மருந்து அளவையும் ஒன்றுதான், 50 கிரெய்ன் (மருந்தை அளக்கும் அலகு). உங்கள் துப்பாக்கிக்கு அதன் குறிப்பேடு சொல்வதே கணக்கு. ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: மருந்தை அளவையில் கொட்டித்தான் குழலில் ஊற்றவேண்டும். உள்ளே கனன்றுகொண்டிருக்கும் துகள் ஒன்று போதும், நேரே கவிழ்த்த கொம்பு கையிலேயே வெடித்துவிடும்.

பெட்ரோலிய எண்ணெய் வேண்டாம், கருமருந்துக் கரியோடு சேர்ந்து தாராகிவிடுகிறது. தேன்மெழுகில் நல்லெண்ணெய் கலந்து துணியில் தடவுகிறேன். ஆலிவ் எண்ணெய் போடுகிறவர்கள் அதையே போடட்டும். என் வீட்டில் இருப்பது நல்லெண்ணெய்.

கோலில் ஒரு கோடு கீறிவைத்திருக்கிறேன். மருந்தும் குண்டும் சரியாக இறங்கியிருந்தால் அந்தக் கோடு குழலின் வாயோடு சேர்ந்து நிற்கும். கீழே போய்விட்டால் மருந்து இல்லை என்று பொருள். காசு செலவில்லாத சாமான் இது ஒன்றுதான்.

பையிலிருந்து எதை எடுத்தாலும் குண்டை உருவும் திருகாணியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். கோலின் கோட்டைப் பார்க்க மறந்து, போன செப்டம்பரில் எனக்கு அது தேவைப்பட்டது.